பழைய ஃபிலிம் கெமராவின் லீஃப் ஷட்டர்: மலையகத்துக் குளிரிலும் ஈரத்திலும் ஓட வைக்க முழு வழிகாட்டி

ஹட்டனிலோ பதுளையிலோ மூடப்பட்ட ஸ்டூடியோவின் அலமாரியிலிருந்து வந்த யாஷிகா, பெரியப்பா தோட்டத்துத் துரையிடம் வாங்கி வைத்திருந்த மடிப்புக் கெமரா, இணையத்தில் ஏலத்தில் எடுத்த ரெட்டினா. இவற்றில் ஒளியை விடுவதும் மறைப்பதும் லென்ஸுக்குள்ளே இருக்கும் மெல்லிய உலோக இதழ்கள்; அதுதான் லீஃப் ஷட்டர். எதை எடுத்தாலும் குறை ஏறக்குறைய ஒன்றுதான். அமுக்கினால் ஷட்டர் திறக்காது, அல்லது திறந்தால் மூடாது. உடனே "மெசின் போய்விட்டது" என்று சொல்லி ஷோகேசில் வைத்துவிடுகிறோம்.

உடைந்த ஷட்டர்களைவிட ஒட்டிக்கொண்ட ஷட்டர்களே அதிகம். ஐம்பது அறுபது வருடத்துக் கிறீஸ் இறுகிப்போய், அதிலிருந்து பிரிந்த எண்ணெய் இதழ்களுக்கு ஊர்ந்து வந்து, மேலே மலைக்காற்றின் ஈரமும் சேர்ந்தால் அவை ஒட்டாமல் என்ன செய்யும்? கொழும்பில் 30 பாகையில் சரியாக ஓடும் ஷட்டர், நுவரெலியாவில் ஜனவரி விடியலில் 10 பாகைக்குக் கீழே நின்றுவிடுவதும் இதனால்தான். அதனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ஒட்டிய ஷட்டருக்கு எண்ணெய் விடக்கூடாது, திருத்திய ஷட்டரைக் குளிரில் சோதிக்காமல் நம்பக்கூடாது.

முதலில் ஷட்டரின் பெயரைப் பாருங்கள்

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் கெமராவின் பெயரைத் தவிர இன்னொரு பெயரும் இருக்கும். அது ஷட்டரின் பெயர். கொம்பூர் என்றிருந்தால் மியூனிக்கின் ஃபிரீட்ரிக் டெக்கல் நிறுவனத்தின் வேலை; 1912 முதல் வந்த வரிசை. புரொன்டோர், வாரியோ என்றிருந்தால் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் கால்ம்பாக் ஊரிலிருந்த கௌத்தியர் நிறுவனம். ஜப்பான் கெமராக்களில் கொப்பல், செய்கோஷா, சிட்டிசன் என்று காணலாம். கௌரவத்தில் கொம்பூர்தான் முதலிடம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து துப்புரவாக்கப் போகிறவருக்கு எளிமையான வாரியோ போன்றவற்றையே நான் சிபாரிசு செய்வேன். உள்ளே பாகங்கள் குறைவு, தொலைக்கவும் குறைவு.

அடுத்து வேக எண்கள். 1, 2, 5, 10, 25, 50, 100 என்று போனால் பழைய வரிசை. 1, 2, 4, 8, 15, 30, 60, 125 என்று இரட்டித்துப் போனால் பிந்தியது. ஒளிமானி 1/125 என்று சொன்னால் பழைய கெமராவில் 1/100 வைத்தால் போதும்; ஃபிலிம் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது.

எல்லா லீஃப் ஷட்டரும் முழு இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். யாஷிகா எலக்ட்ரோ 35இன் ஷட்டரை மின்சுற்றுதான் நடத்துகிறது. பற்றரி இல்லாவிட்டால் 1/500இல் மட்டும் அடிக்கும். 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பற்றரி தேவையில்லை, ஆனால் வெளிச்சம் குறைந்தால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி காட்டி அமுக்கவே விடாது. மழை இருட்டில் அதைக் கையிலெடுத்துவிட்டு ஷட்டர் இறுகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வெளிச்சமான ஜன்னல் பக்கம் திருப்பி ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கெமரன் படமெடுத்த காலத்தில், லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுவதே ஷட்டர் வேலை. அந்தக் கையின் இடத்தைத்தான் பிறகு மெல்லிய உருக்கு இதழ்கள் பிடித்தன.

நல்ல லீஃப் ஷட்டர்களில் பொதுவாக ஐந்து இதழ்கள் இருக்கும். லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே, ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒளியை மறைத்து நிற்கும். எல்லா இதழ்களின் ஓரமும் ஒரே வளையத்தில் மாட்டப்பட்டிருப்பதால், அந்த வளையம் சற்றுத் திரும்பினால் எல்லாம் ஒன்றாக விலகும். எதிர்த் திசையில் திரும்பினால் ஒன்றாக மூடும். நீங்கள் நெம்புகோலைத் தள்ளும்போது அல்லது ஃபிலிமைச் சுற்றும்போது ஏறுவது பிரதான ஸ்பிரிங். பொத்தானை அமுக்கினால் அது விடுபட்டு வளையத்தை ஆட்டுகிறது.

இதழ்கள் எவ்வளவு நேரம் திறந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்திலிருக்கும் குட்டிப் பல்சக்கர வரிசை. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இருப்பதன் தம்பி என்று சொல்லலாம். 1 செக்கன் முதல் 1/15 வரையான மெதுவான வேகங்களில் கேட்கும் "கிர்ர்ர்" சத்தம், கடைசிச் சக்கரத்தின் பற்களில் ஒரு சிறு நங்கூரம் மாறி மாறித் தட்டுவது. நடு வேகங்களில் நங்கூரம் விலகிவிடும். சக்கரங்களின் எடை மட்டும் தாமதம் தரும். மிக வேகமான 1/250, 1/500இல் சக்கர வரிசைக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

இது புரிந்தால் பாதி நோய் வெளியிலிருந்தே தெரிந்துவிடும். வேகமான இலக்கங்கள் சரியாக ஓடி, 1 செக்கன் மட்டும் நடுவில் நின்றால் சக்கர வரிசையில் அழுக்கு. எல்லா வேகத்திலும் இதழ்கள் சோம்பலாகத் திறந்தால் இதழ்களில் எண்ணெய். ஸ்பிரிங் ஏறிய பிறகும் அமுக்குவது எதையும் விடுவிக்காவிட்டால், ஷட்டரைக் குறை சொல்லும் முன் கெமராவின் பூட்டைப் பாருங்கள். பல மடிப்புக் கெமராக்கள், ஃபிலிமின் ஒரே இடத்தில் இரண்டு படம் விழாமலிருக்க, சுற்றாமல் அமுக்க விடாது. ஃபிலிம் இல்லாதபோது ஷட்டரிலுள்ள சின்ன விடுவிப்பு நெம்புகோலை நேரடியாக விரலால் தள்ளிச் சோதிக்கலாம்.

இதழ்கள் காய்ந்து ஓடவே செய்யப்பட்டவை. அவற்றில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்க அந்தச் சிறு ஸ்பிரிங்கிற்குப் பலமில்லை. தையல் மெசின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, சில வீடுகளில் தேங்காய் எண்ணெய்கூட விட்டுப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு முன்னைவிட மோசமாகும்.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு டோர்ச்சை எடுத்து, கெமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் இரு பக்கமும் பாருங்கள். இதழ்கள் மங்கிய கறுப்பாகத் தெரிந்தால் நல்லது. வானவில் போல் மினுங்கினால் எண்ணெய். ஓரத்தில் செம்பழுப்பு நிறம் இருந்தால் துரு. அது முற்றியிருந்தால் வீட்டு வேலையாகாது. கண்ணாடியில் சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை.

எஸ் அல்லது எக்ஸ், எம், வி என்று ஒரு சிறு நெம்புகோல் இருக்கலாம். வி என்பது தானியங்கித் தாமதம், அதாவது அமுக்கிச் சற்று நேரம் கழித்து ஷட்டர் அடிப்பது. அதைத் தொடாதீர்கள். பழைய கெமராக்களில் முதலில் சிக்கிக்கொள்வது அதுதான். பாதியில் நின்றால் முழு ஷட்டரையும் பூட்டிவிடும். எம் என்பது ஒருமுறை எரிந்து போகும் பல்புக்கானது. இன்றைய ஃபிளாஷ் என்றால் எப்போதும் எக்ஸ். எம்மில் வைத்தால் இதழ்கள் திறப்பதற்குள் ஃபிளாஷ் அடித்து ஓய்ந்துவிடும், படம் இருட்டாகும்.

1950களின் சில கொம்பூர்களில் வேக வளையமும் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) வளையமும் கொக்கி போட்டது போல் சேர்ந்து திரும்பும். இது பழுதில்லை. ஒளி மதிப்பு என்ற எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்து நகர்த்தும் ஏற்பாடு. சிறு தாழை அமுக்கியபடி திருப்பினால் தனித்தனியாக நகரும். பலங்கொடுத்துத் திருப்பிக் கெடுத்த கொம்பூர்கள் ஏராளம்.

வேகத்தைச் சோதிப்பது

பி நிலையில் தொடங்குங்கள். அமுக்கினால் சட்டெனத் திறந்து, விட்டால் சட்டென மூட வேண்டும். பிறகு 1 செக்கன், 1/2, 1/4 என்று காதால் கேட்டு இறங்குங்கள். சத்தம் சீராக இருக்க வேண்டும். இடையில் மூச்சு வாங்கக்கூடாது.

அளக்க வேண்டுமானால் கையிலுள்ள ஃபோனே போதும். செக்கனுக்கு 240 சட்டகம் பிடிக்கும் மெதுவீடியோ வசதியை வைத்து, லென்ஸின் பின்னால் வெளிச்சம் வைத்து, ஷட்டரை அடியுங்கள். பிறகு திறந்திருக்கும் சட்டகங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். 1 செக்கனுக்கு 240, 1/2க்கு 120, 1/8க்கு 30, 1/15க்கு 16, 1/30க்கு 8, 1/60க்கு 4 வர வேண்டும். 1/125க்கு இரண்டு சட்டகம்தான் கிடைக்கும், அதற்கு மேல் இந்த முறை நம்பத் தகுந்ததில்லை. வேகமான இலக்கங்களுக்கு, லென்ஸின் பின்னால் ஒளியுணரும் ட்ரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, அதைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் மாட்டி, பதிவான அலையின் அகலத்தைப் பார்க்கலாம். 1/250 என்றால் 4 மில்லிசெக்கன், 1/500 என்றால் 2.

1/500 என்று எழுதியிருப்பது 1/350 அளவில் ஓடினால் கவலை வேண்டாம். புதிதாக இருந்தபோதே பல அப்படித்தான் ஓடின. நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் ஒளியைத் தாராளமாகத் தாங்கும். ஒரே இலக்கத்தை ஐந்தாறு முறை அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரம் வருவதுதான் கெட்ட அறிகுறி. எப்போதும் ஒரே அளவு தவறும் ஷட்டருக்கு நீங்கள் கணக்கைச் சரிசெய்து கொள்ளலாம். நாளுக்கொரு குணம் காட்டுவதை என்ன செய்ய?

இனி நம் மலைக்கான சோதனை. கெமராவை இரவில் குளிரான அறையில், நெருப்புக்குத் தூரத்தில், உறைக்குள் வைத்துவிட்டு விடிந்ததும் முதல் அடியைக் கவனியுங்கள். பகலில் பத்து முறை அடித்துச் சூடேறிய ஷட்டர் நல்ல பிள்ளையாக நடிக்கும். இறுகிய கிறீஸின் குணம் காலையின் முதல் அடியில்தான் வெளிவரும். பண்டாரவளையில் மதியம் சரியாக இருந்தது ஹோட்டன் சமவெளியில் சூரியோதயத்தில் கைவிட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

துப்புரவாக்குதல்

தேவையானவை அதிகமில்லை. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் சுத்தமான பெட்ரோல், பஞ்சுக் குச்சி, காற்றூதும் ரப்பர் பந்து, கடிகாரக்காரர் பாவிக்கும் நுண் ஸ்குரூ டிரைவர்கள், லென்ஸ் வளையம் கழற்றும் இருமுனைத் திறப்பான், வெள்ளைத் துணி. வாகனத்துக்கு அடிக்கும் பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் படிவு விடும், தின்னர் பெயின்டை உரிக்கும். பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டும் இதழ்களுக்கு ஏற்றதில்லை. அதில் தண்ணீர் கலந்திருக்கும், எண்களின் நிறத்தையும் சில இடங்களில் கரைக்கும்.

லைட்டர் பெட்ரோல் சட்டெனத் தீப்பிடிக்கும். விறகடுப்பு எரியும் குசினியிலோ சாமி விளக்கின் பக்கத்திலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

1. முன் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் தூரத்தை முடிவிலிக் குறியில் (∞) வைத்து, வளையத்துக்கும் உடலுக்கும் நேராகப் பென்சிலால் கோடு போட்டு ஃபோனில் படமெடுங்கள். முன் கண்ணாடியே சுழன்று ஃபோகஸ் செய்யும் மடிப்புக் கெமராக்களில் மூன்று நுண் ஸ்குரூக்கள் வெளி வளையத்தைப் பிடித்திருக்கும். அவற்றை முழுதாகக் கழற்றாமல் தளர்த்தினால் போதும்.

2. கண்ணாடியை மெதுவாகச் சுழற்றி, அது புரியிலிருந்து விடுபடும் அந்த நொடியில் எங்கே நின்றது என்று இன்னொரு கோடு போடுங்கள். இந்தப் புரியில் பல தொடக்கங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் மாட்டினால் எவ்வளவு திருப்பினாலும் ஃபோகஸ் கிடைக்காது. அக்ஃபா இசோலெட் போன்ற மடிப்புக் கெமராக்களில் இங்கே பச்சைக் கிறீஸ் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். பலம் வேண்டாம். ஓரத்தில் ஓரிரு சொட்டு லைட்டர் பெட்ரோல் விட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

3. பின் கண்ணாடித் தொகுதியையும் கழற்றுங்கள். சோம்பலால் பலரும் தாண்டும் படி இது. கண்ணாடி இருக்கும்போது பெட்ரோலை ஊற்றினால், கரைந்த அழுக்கு எல்லாம் அதன் உட்பக்கத்தில் படியும்.

4. ஷட்டரை பி நிலையில் திறக்காமல், மூடிய இதழ்கள்மேல் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தடவுங்கள். நனைந்திருக்கும்போதே சில முறை அடியுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்பு வரும். மற்றப் பக்கமும் அப்படியே. துணியில் கறை வராத வரைக்கும் தொடருங்கள்.

5. காய விட்டு மறுநாள் பாருங்கள். நனைந்திருக்கும்போது ஓடுவது எதையும் நிரூபிக்காது. காய்ந்த பின் மறுபடி ஒட்டினால், உள்ளே கரைந்த கிறீஸ் இன்னும் இதழ்களுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து ஊற்றிக் கழுவுவதால் தீராது, முன் மூடியைத் திறக்க வேண்டும்.

6. முன் மூடியைத் திறப்பவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள். வேக வளையமும் அதன் அடியிலுள்ள வளைவுத் தட்டும் வந்த பிறகு சக்கர வரிசை கண்ணுக்குத் தெரியும். அதைப் பிரிக்காமலேயே சில சொட்டு லைட்டர் பெட்ரோல் விட்டு ஓட்டி, அழுக்கை ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பின் சக்கர அச்சுகளில் மட்டும் கடிகார எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். சொட்டு என்று சொல்லக்கூடிய அளவே அதிகம். வரிசையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைத் தளர்த்தாதீர்கள். அது இம்மி நகர்ந்தாலும் எல்லா மெதுவேகமும் மாறும்.

இந்தக் கடைசிப் படியில் கை நடுங்கினால் டவுனில் இருக்கும் பழைய கடிகாரம் திருத்துபவரிடம் போங்கள். கெமரா தெரியாது என்பார். மூடியைத் திறந்து காட்டினால் சக்கர வரிசையைப் பார்த்ததும் முகம் மாறும். டிஜிட்டல் மட்டும் பழகிய கெமராக் கடையைவிட அவர் கையை நான் நம்புவேன். இதழ்களுக்கு எண்ணெய் வேண்டாம் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

முடிவிலியைச் சரிபார்த்தல்

கண்ணாடிகளைத் திரும்ப மாட்டிய பின் பென்சில் கோட்டை மட்டும் நம்பிவிட முடியாது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் தேய்த்த கண்ணாடியையோ இறுக்கி ஒட்டிய மங்கலான செலோடேப்பையோ வையுங்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஷட்டரை பி நிலையில் கேபிள் ரிலீசால் (பொத்தானை அமுக்கியபடி வைக்கும் கம்பி) பூட்டி, தூரப் பொருளொன்றை நோக்குங்கள். இதற்கு நமக்குப் பஞ்சமில்லை. தெளிந்த காலையில் மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாத மலை உச்சியின் கட்டடங்கள், நுவரெலியாவிலிருந்து பீதுருதலாகலையின் கோபுரங்கள். தூரத்தில் கூர்மையான கோடுள்ள எதுவும் சரி. பூதக்கண்ணாடியால் பார்த்து, உருவம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, வெளி வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்து மூன்று ஸ்குரூக்களையும் இறுக்குங்கள்.

படமெடுக்கும்போது

1/500 வைப்பதாக இருந்தால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வையுங்கள். கொம்பூர் ராப்பிட், சிங்ரோ கொம்பூர் போன்றவற்றில் அந்த ஒரு வேகத்துக்கு மட்டும் கூடுதல் ஸ்பிரிங் ஒன்று உண்டு. ஏற்றிய பின் அதற்குத் திருப்புவது இயந்திரத்தைச் சிரமப்படுத்தும். ரெட்டினா போல நெம்புகோலால் ஏறும் கெமராக்களில் இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

லீஃப் ஷட்டரின் பெரிய வரம் ஃபிளாஷ். ஃபிலிமுக்கு முன்னால் திரை ஓடும் பழைய கெமராக்கள் பலவற்றில் ஃபிளாஷ் 1/60இல் அல்லது 1/125இல் நின்றுவிடும். இதழ்கள் ஒவ்வொரு முறையும் முழுதாகத் திறப்பதால் இங்கே 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் வேலை செய்யும். உச்சி வெயிலில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவரின் முகத்தில், தலைமுண்டின் நிழல் விழுந்திருக்கும். 1/250 வைத்து லேசாக ஒரு ஃபிளாஷ் அடித்தால் முகமும் வரும், பின்னாலுள்ள மலையும் வெளுக்காது.

இந்த மிக வேகமான இலக்கங்களில் ஒரு பொறியும் உண்டு. இதழ்கள் திறக்கவும் மூடவும் நேரம் எடுக்கும். எஃப் 16 போன்ற சிறு துளையில், இதழ்கள் சற்று விலகியதுமே துளை முழுதும் திறந்தாகிவிடும். கடைசி நேரம் வரை திறந்தே இருக்கும். ஆகவே 1/500இல் எஃப் 16 வைத்தால் உண்மையில் விழும் ஒளி கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். நெகட்டிவ் என்றால் விட்டுவிடலாம். ஸ்லைட் ஃபிலிம் என்றால் அரை முதல் ஒரு நிலை வரை குறையுங்கள் (ஒரு நிலை என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது).

பனிமூட்டத்தில் ஒளிமானி வெள்ளையைப் பார்த்து ஏமாறி, குறைவாக ஒளி கொடுக்கச் சொல்லும். ஒரு நிலை கூட்டிக் கொடுங்கள், பனி பனியாகத் தெரியும். ஷட்டரின் அதிர்வு மிகக் குறைவு என்பதால் 1/30ஐக் கையில் பிடித்தே எடுக்கலாம்.

மழைக்காலமும் பெட்டியும்

மேற்குச் சரிவில், வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று துணியையே உலர விடாது. ஊவாப் பக்கம் ஜூலை ஆகஸ்டில் காய்ந்த காற்று வீசும். அங்கே மழை வருட இறுதியில். ஷட்டர் திறக்கும் வேலையை அவரவர் பக்கத்துக் காய்ந்த மாதத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

தோல் உறையைத் தூக்கிப் போடச் சொல்ல மனம் வராது, ஆனால் கெமராவை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து பூஞ்சைக்கு வீடு கொடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் என்று காட்டினால் போதும். 60ஐத் தாண்டி நீண்ட நாள் நின்றால் ஆபத்து. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், மாவுத்தூள் நேராக இதழ்களுக்குப் போகும். அடுப்பின் மேல் பரணும் வேண்டாம்; சூடு நல்லதென்று தோன்றும், ஆனால் புகைக்கரி அதைவிட ஒட்டும்.

குளிரில் வெளியே இருந்துவிட்டுச் சூடான அறைக்குள் வரும்போதும், நுவரெலியாவிலிருந்து இறங்கிக் கொழும்புக்குப் போகும்போதும் கெமராவைப் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள். குளிர்ந்த இதழ்களின்மேல் ஈரம் படிந்தால் எண்ணெய் செய்த அதே வேலையைத் தண்ணீர் செய்யும். அரை மணி நேரம் பை மூடியபடியே இருக்கட்டும். அப்புறம், படமெடுக்காத மாதத்திலும் வாரம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் சில தடவை அடித்து, பெட்டியில் வைக்கும்போது ஸ்பிரிங்கை ஏற்றாமல் வைத்துவிடுங்கள்.